பட்டா இல்லாத கடலுக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: பழவேற்காட்டுக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் இடையில் உள்ள ஒரு மீனவ கிராமம் எங்களுடையது. அப்பாவுக்குச் சொந்தப் படகு இல்லை. பங்குக்குத் தொழிலுக்குப் போகிறார். அம்மா கரையில் ஏலம் எடுத்துக் கூடையில் மீன் விற்கிறார். துறைமுக விரிவாக்கத்துக்காகக் கடலை மண் கொட்டி நிரப்பப் போகிறார்கள் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே கிளம்புவதும் அடங்குவதுமாக இருக்கிறது. “கடலுக்கு ஏது பட்டா? நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது?” என்கிறார் அப்பா. தம்பி டிப்ளமா முடித்திருக்கிறான். வேலை தந்தால் வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம் என்கிறான். இதனால் வீட்டில் தினமும் சண்டை. அப்பா குடிப்பது கூடிவிட்டது. அம்மா இரவில் தூங்குவதில்லை. பொது கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தால் நாங்கள் என்ன பேச வேண்டும், எதைக் காட்ட வேண்டும்? வீட்டுக் கவலையெல்லாம் அங்கே சொல்லக்கூடியதுதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா கேட்பதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அதுதான் வேர். கடலோர மக்களின் வாழ்வாதார இழப்பை மதிப்பிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இது: கடலுக்குப் பட்டா கிடையாது என்பது உண்மை, பட்டா இல்லாததால் உரிமையும் கிடையாது என்பது உண்மையல்ல. ஆனால், அந்த உரிமையை யாரும் வீடு தேடி வந்து எழுதிக் கொடுக்கப் போவதில்லை. திட்டத்தின் சார்பில் கணக்கெடுக்க வருபவர் பதிவான படகுகளையும், பெயரில் உள்ள மனைகளையும், கண்ணுக்குத் தெரிகிற கட்டடங்களையும் எண்ணிக்கொண்டு போவார். உங்கள் அப்பாவும் அம்மாவும் அந்த எண்ணிக்கை எதிலும் வரமாட்டார்கள். ஆகவே அவர் வருவதற்கு முன்பே ஊர் தன்னைத்தானே கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப் போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் ஆண்டுச் சரக்குத் திறனை 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக உயர்த்துவதே முன்வைக்கப்பட்ட திட்டம். அதற்குக் கேட்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 6,100 ஏக்கர். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை நிரப்பி உருவாக்கப்பட வேண்டியது. 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டமும் 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைப்பை ஊரில் சிலர் வெற்றியாகக் கொண்டாடுவதையும், சிலர் இனி ஒன்றும் வராது என்று வலையைப் பார்க்கப் போய்விடுவதையும் பல கடற்கரைகளில் பார்த்திருக்கிறேன். அது கிடைத்திருக்கும் அவகாசம் மட்டுமே. கூட்டத்துக்குச் சட்டப்படி குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதும். அந்த 30 நாளில் ஆயிரம் பக்கச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படித்து, ஊரைக் கூட்டி, ஆதாரம் திரட்டிவிட முடியாது.

திட்ட அறிக்கைகள் பொதுவாக நிரப்பப்படும் இடத்தைப் பற்றியே பேசும். இத்தனை ஏக்கரில் இத்தனை படகுகள் தொழில் செய்கின்றன, அவை வேறிடம் போய்க்கொள்ளலாம் என்பதாக அவற்றின் வாதம் அமையும். ஆனால் கடலை நிரப்பும்போது மண் விழும் இடம், மண் எடுக்கும் இடம், மண் வந்து சேராமல் போகும் இடம் என மூன்று இடங்கள் பாதிக்கப்படுகின்றன. கொழும்புத் துறைமுக நகரம் இதற்கு அருகிலுள்ள சான்று. அங்கே 269 ஹெக்டேர் நிலத்தைக் கடலில் எழுப்ப ஏறத்தாழ 6.5 கோடி கன மீட்டர் மணல் தேவைப்பட்டது. நிலம் எழுந்தது கொழும்பில். எதிர்ப்பு எழுந்தது அதற்கு வடக்கே வெகுதூரத்தில் உள்ள நீர்கொழும்பில், ஏனென்றால் மணல் தோண்டப்பட்டது அந்தப் பக்கத்துக் கடலடியில். 2016-இல் அங்குள்ள மீனவர்கள் உண்ணாவிரதம் வரை போனார்கள். தோண்டும்போது கிளம்பும் கலங்கல் அடங்குமிடத்தில் நண்டும் இறாலும் புழங்கும் தரை மூடிப்போகும். கடலடி குழியான இடத்தில் வலை இழுப்பதும் பழையபடி நடக்காது. ஆகவே உங்கள் ஊர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நிரப்புவதற்கான மண் எந்த இடத்திலிருந்து, எந்த ஆழத்திலிருந்து, எந்த மாதங்களில் எடுக்கப்படும் என்பது. கூட்டங்களில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது இடம் உங்கள் ஊராகவே இருக்கக்கூடும். நம் வடதமிழகக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. குறுக்கே ஒரு சுவர் நீண்டால் அதன் தெற்கே மணல் தங்கும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்து இன்று கருங்கல் வரிசையே கரையாக நிற்பதும் ஊரறிந்தது. துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் உங்கள் கிராமமோ, ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக உள்ள குறுகிய மணல்பரப்பின் மேல் இருக்கிறது. பின்வாங்கிப் போக அங்கே இடம் கிடையாது. கரை குறைந்தால் முதலில் போவது படகு ஏற்றும் இடம், அடுத்தது வலை காயப்போட்டுப் பழுதுபார்க்கும் இடம், பிறகு கருவாடு காயவைக்கும் இடம், வீடு கடைசியில்தான். இழப்பீட்டுப் பட்டியல்களோ வீட்டிலிருந்து தொடங்கி வீட்டிலேயே முடிந்துவிடுகின்றன.

இனி பணக்கணக்குக்கு வருவோம். மீன்பாடு குறையாவிட்டாலும் உங்கள் அப்பாவின் கூலி குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும். எடுத்துக்காட்டாக, விற்ற பணத்தில் டீசல் செலவைக் கழித்துவிட்டு, மீதியில் பாதி படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும், பாதி தொழிலுக்குப் போன மூவருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 6,000 ரூபாய்க்கு மீன் விற்று டீசலுக்கு 1,200 ரூபாய் போனால், மீதி 4,800. அதில் பாதி 2,400. ஆளுக்கு 800 ரூபாய். இப்போது அலைதடுப்புச் சுவரையும் கப்பல் வாய்க்காலையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியதால் டீசல் 1,800 ரூபாயாகிறது என்று கொள்ளுங்கள். அதே மீன், அதே விலை. ஆனால் ஆளுக்கு 700 ரூபாய்தான் வரும். மாதத்தில் 20 நாள் தொழில் நடந்தால் அப்பாவுக்கு 2,000 ரூபாய் இழப்பு, கூடவே ஒவ்வொரு நாளும் கூடுதல் நேரம். அரசின் மீன்பிடிப் புள்ளிவிவரத்தில் இது ஒரு கிலோகூடத் தெரியாது. “மீன்வளத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை” என்று அறிக்கை எழுதுபவர் பொய் சொல்லவும் இல்லை. அதனால்தான் கிலோக் கணக்கை மட்டும் பேசும் இடத்தில் நீங்கள் பங்குக் கணக்கைப் பேச வேண்டும் என்கிறேன்.

அம்மாவின் கணக்கு இதைவிட மறைவானது. படகுகள் உங்கள் கரையிலேயே ஏறும்வரை, கையில் பணமில்லாத நாளிலும் அறிமுகத்தின் பேரில் ஏலத்தில் மீன் எடுத்து, விற்றபின் பணம் கொடுக்க அவரால் முடிகிறது. படகுகள் பெரிய இறங்குதளம் ஒன்றுக்குப் போய்விட்டால், ஆட்டோ வாடகை, ஐஸ், முன்பணம் கொடுத்துக் காத்திருக்கும் பெரிய வியாபாரிகளின் போட்டி ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அவர்மேல் வந்து விழும். இதோடு ‘குழம்பு மீன்’ கணக்கும் உண்டு. தொழிலுக்குப் போனவர்கள் விற்பனைக்குமுன் வீட்டுக்கென்று எடுத்துவரும் நாலு கிழங்கானோ இரண்டு நண்டோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதுதான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அன்றாடம் கிடைக்கும் ஒரே சத்தான உணவு. ஒரு குடும்பம் மாதத்தில் எத்தனை நாள் அப்படிச் சாப்பிடுகிறது, அதே மீனைக் கடையில் வாங்கினால் என்ன விலையாகும் என்று எழுதிப் பாருங்கள். தொகை உங்களையே திகைக்கவைக்கும்.

உங்கள் கிராமத்தைத் தாண்டியும் ஒரு கண் வைக்க வேண்டியிருக்கிறது. கழியின் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வாயில் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. பெரும்பாலான கணக்கெடுப்புகளில் அவர்கள் மீனவர்களாகவே வருவதில்லை. அதேபோல், கடலில் இடம் குறைந்தவர்கள் ஏரிப்பக்கம் திரும்பினால், பழவேற்காட்டு ஏரியில் முறைவைத்து இறால் பிடிக்கும் பாடு முறை நெருக்கடிக்குள்ளாகும். ஊருக்கும் ஊருக்கும் தகராறு வரும். இப்படி வரும் சண்டைகளை “உள்ளூர்ப் பிரச்சினை” என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அது திட்டத்தின் விளைவு என்று முன்கூட்டியே எழுத்தில் பதியவைத்தால் அப்படி ஒதுக்குவது கடினமாகும்.

பட்டா விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது? கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி கடலை நிரப்புவது பொதுவாகத் தடைசெய்யப்பட்ட செயல். துறைமுகம் போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு. அதே அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும், மீன் காயவைக்கும் தளங்களையும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊருக்கான வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். படகு ஏற்றும் கரையும் வலை காயும் திடலும் அதில் வெற்றிடமாக இருந்தால், அதைத் திருத்தச் சொல்லி எழுதுவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. வரைபடத்தில் இல்லாத ஒன்றைப் பறித்துவிட்டார்கள் என்று பிறகு வாதாடுவது எளிதல்ல. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக நீர்நிலைகளை முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட மீனவர்களையும் படகோட்டிகளையும் சேர்த்திருக்கிறது. நில உரிமை இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: அது நிலத்தைக் கையகப்படுத்தும்போது செயல்படும் சட்டம். கடலை நிரப்பும்போது யாருடைய நிலமும் கையகப்படுத்தப்படுவதில்லை, புதிதாக நிலம் உண்டாக்கப்படுகிறது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே அந்த ஒரு சட்டத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். திட்ட அனுமதிக்கான நிபந்தனைகளிலேயே இழப்பீடும் படகுகள் போகும் வழித்தடமும் இடம்பெற வேண்டும் என்று கோருங்கள்.

பட்டா இல்லாத கடலுக்கு இழப்பீடு உத்தரவிடப்பட்டதே இல்லையா என்று அப்பா கேட்டால், மகாராஷ்டிரத்தின் உரன் வழக்கைச் சொல்லுங்கள். ராம்தாஸ் ஜனார்தன் கோலி உள்ளிட்ட பாரம்பரிய மீனவர்கள், துறைமுக விரிவாக்கத்தாலும் நிரப்புவதாலும் தங்கள் மீன்பிடிப் பரப்பும் கடலுக்குப் போகும் வழியும் பறிபோயின என்று, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 1,630 குடும்பங்களுக்கு ரூ.95.19 கோடி வழங்கத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. குடும்பத்துக்கு ஏறத்தாழ 5.8 லட்சம் ரூபாய். அது உடனே கைக்கு வந்த பணமல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நீண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் அந்த ஆணையில் 1,630 என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்கள் இத்தனை குடும்பங்கள் என்று ஒரு பட்டியல் இருந்ததால்தான் தொகை சொல்ல முடிந்தது.

பட்டியலில் விடுபடுவது என்னவென்று உங்கள் பகுதிக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. எங்கள் பெயர் ஏன் இல்லை என்ற கேள்வியும் உடனே கிளம்பியது. ஆகவே பதிவேட்டை இப்போதே தொடங்குங்கள். ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். ஒவ்வொரு ஆளுக்கும், வீட்டுக்கு அல்ல ஆளுக்கு, ஒரு பக்கம்: என்ன தொழில், எத்தனை ஆண்டுகளாக, எந்த மாதத்தில் எந்த வலை, கரையிலிருந்து எவ்வளவு தூரம், என்ன பங்கு, நல்ல நாளில் எவ்வளவு, மோசமான நாளில் எவ்வளவு. கடலில் இடங்களைக் கரையிலுள்ள கோபுரத்தையும் புகைபோக்கியையும் வைத்துத்தான் பெரியவர்கள் குறிப்பார்கள். அவர்களோடு படகில் போகும் இளைஞர்கள் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் அதே இடங்களைப் பதிந்து, பெரியவர்கள் சொல்லும் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும். ஏலக்காரரின் நோட்டு, டீசல் ரசீது, ஐஸ் ரசீது, மீனவர் நல வாரிய அட்டை, மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் சீட்டு, தடைக்கால நிவாரணம் வரவான வங்கிப் புத்தகம், பழைய புகைப்படங்கள் என எது கிடைத்தாலும் நகலெடுத்து அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பங்குக்குப் போகிறவருக்குத் தாளே கிடையாது என்றால், படகுக்காரரும் உடன் தொழில் செய்யும் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி போதுமான தொடக்கம்.

இதில் ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதல் அவசியம். ஊரை மீறிச் செய்தால் பதிவேடு யாருக்கும் உதவாது. ஆனால் பஞ்சாயத்தாரிடம் மரியாதையோடு ஒன்றை வலியுறுத்துங்கள். ஊர் வழக்கத்தில் கணக்கு தலைக்கட்டின்படிதான், அதாவது குடும்பத் தலைவரான ஆண்களின் பெயர்ப்படிதான். 2004 சுனாமி நிவாரணம் பல ஊர்களில் தலைக்கட்டுப் பட்டியலின்படி பங்கிடப்பட்டதால், கணவனை இழந்தவர்களும் தனித்து வாழும் பெண்களும் விடுபட்டுப்போனது கசப்பான அனுபவம். நிறுவனத்தின் கணக்கெடுப்பில் விடுபடுவோம் என்று முறையிடும் ஊர், தன் சொந்தப் பட்டியலிலேயே கூடைக்காரப் பெண்களை விட்டுவிடக் கூடாது. இதைச் சொல்வதற்கு ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்றால், ஊர்த் தலைவர்களான நாட்டாரில் ஒருவரைத் தனியே சந்தித்து உங்கள் அம்மாவை ஒத்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சொல்லுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பொறுத்தவரை, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் அந்தக் கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் உயர் அதிகாரியோ தலைமை வகிப்பார். முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும். வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் முன்கூட்டியே ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் கிடைக்க வேண்டும். மைக்கில் பேசியது கூச்சலில் கரைந்துபோகலாம். எழுதிக் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்கியது கரையாது. ஆகவே பேசுவதற்கு முன் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள். மீன்வளக் கணக்கெடுப்பு எந்த மாதங்களில், எத்தனை நாள் நடந்தது என்று கட்டாயம் கேளுங்கள். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள் மட்டும் பார்த்துவிட்டோ, புயல் வாரத்தில் வந்துவிட்டோ எழுதிய அறிக்கைக்கு ஓர் ஆண்டின் உண்மை தெரிந்திருக்காது.

எதிர்ப்பு ஒருபுறம் இருக்க, துல்லியமான கோரிக்கைக்கு என்ன வலு உண்டு என்பதை மும்பை வொர்லி கோலிவாடா மீனவர்கள் காட்டினார்கள். கடற்கரைச் சாலைத் திட்டத்தில் படகுகள் கடந்துபோகும் இடத்தில் தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். அலை அடிக்கும் நாளில் அந்த இடைவெளியில் படகைத் திருப்ப முடியாது, 160 மீட்டர் வேண்டும் என்று மீனவர்கள் படகுகளை நிறுத்திப் போராடினார்கள். பொறியாளர்கள் போதும் என்றதை, படகோட்டிகள் போதாது என்றார்கள். 2022 டிசம்பரில் மாநகராட்சி ஒரு தூணை நீக்கி 120 மீட்டராக்க ஒப்புக்கொண்டது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ‘கடலைக் காப்பாற்றுங்கள்’ என்ற முழக்கத்தால் மட்டும் அந்தத் தூணை அசைத்திருக்க முடியாது. திட்டமே வேண்டாம் என்பது உங்கள் ஊரின் நிலைப்பாடாக இருந்தால், அதைத் தயங்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள். நியாயமான நிலைப்பாடுதான், இந்தக் கரையின் அரிப்பைப் பார்த்தவன் என்ற வகையில் என் சாய்வும் அந்தப் பக்கமே. ஆனால் அதன்கீழ், அனுமதி கொடுக்கப்பட்டால் என்னென்ன நிபந்தனை வேண்டும் என்று மீட்டர் கணக்கிலும் மாதக் கணக்கிலும் எழுதுவது பின்வாங்குவதாகாது.

தம்பியைக் கோழை என்றோ துரோகி என்றோ யாரும் சொல்லவேண்டாம். படித்த பிள்ளை மாதச் சம்பளம் விரும்புவதில் தவறில்லை. அப்பாவேகூட உள்ளுக்குள் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் வேலை என்ற வாக்குறுதியை இழப்பீட்டுக்கு மாற்றாக ஏற்க வேண்டாம். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்துக்காக இடம்பெயர்ந்த குப்பத்து மக்கள், கிடைத்த ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது உங்களுக்குப் பக்கத்தில் நடந்த கதை. வேலை தருவதாகச் சொன்னால், யாரிடம் வேலை, நிறுவனத்திலா ஒப்பந்தக்காரரிடமா, எத்தனை ஆண்டுக்கு, என்ன பதவி, ஆள் இறந்தாலோ விலகினாலோ அந்த இடம் யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு, டிப்ளமா படித்த தம்பிக்குக் கிடைக்கும் வேலை 50 வயதான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கிடைக்காது. கடலை இழப்பதோ மூவரும். மொத்தமாகக் கையில் வரும் பணமும் ஆபத்தானதே. வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடனுக்காக வியாபாரி அன்றைக்கே வாசலில் நிற்பார். தொகை கணவன் மனைவி இருவர் பெயரிலுமான கணக்கில் வரவேண்டும், ஒரு பகுதி ஆண்டுதோறும் வருமாறு அமைய வேண்டும் என்று கோருவது நல்லது.

கடைசியாக, வீட்டுக் கவலையை அங்கே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் லாரி மண் விழுவதற்குமுன்பே திட்டம் மக்களின் உடம்பில் இறங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு இந்தக் கரை இருக்குமா என்று தெரியாதவர் புதுவலைக்குப் பணம் போடமாட்டார். பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள் ஊர் இருக்குமா என்று விசாரிப்பார்கள். அண்ணன் தம்பிகளே இரண்டு கட்சியாவார்கள். இவை மக்களின் பலவீனமல்ல, திட்டத்தின் சமூகப் பாதிப்பு. மதிப்பீட்டு அறிக்கையில் இடம்பெற வேண்டியவை. அம்மா மைக்கில் அழ வேண்டியதில்லை. “நான் இந்தக் கரையில் 25 வருஷமாக மீன் விற்கிறேன். இந்தத் திட்டப் பேச்சு வந்தபிறகு கடன் கொடுப்பவர்கள் யோசிக்கிறார்கள், எனக்குத் தூக்கம் இல்லை, இதற்கு உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது?” என்று கேட்டாலே போதும், ஆண்டுக் கணக்கை மட்டும் அவருடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் குடியை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அது அவருடைய மானம். ஊரில் மதுப்பழக்கம் கூடியிருக்கிறது என்பதைப் பெயரில்லாமல் ஊர் மனுவில் எழுதலாம்.

ஆனால் கூட்டத்துக்காகக் காத்திராமல் இப்போதே பார்க்க வேண்டிய விஷயமும் இதுதான். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருக்கும் அம்மாவை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகர்களிடம் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். குடியை நிறுத்த அப்பா ஒப்புக்கொண்டால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பதிவேட்டு வேலையில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எங்கே வலை வீசினார்கள் என்று அவர் சொல்ல, தம்பி எழுதட்டும். சண்டை ஓயும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் கடலைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதைத் தம்பியும், கைப்பேசியில் தம்பியால் செய்ய முடிவது என்ன என்பதை அப்பாவும் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் மீறிச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை தாமதத்தை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. அனுமதி வந்த செய்தி கரைக்கு வந்துசேரவே ஒரு மாதமாகும் என்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளத்தை வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஊரில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு நகலை ஊருக்கு வெளியே இருக்கும் உறவினர் வீட்டிலும் வையுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது மூல நோட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுத்தால் போதும்.